இழப்பீடு, தொகை, கருணை: நெய்வேலி நில எடுப்புச் சட்டங்களின் சொல்லாடல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக 1950களிலிருந்து உழவரின் நிலம் எடுக்கப்பட்டு வருகிறது. இந்நில எடுப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தொகையின் அளவையும் வேலைவாய்ப்பையும் சுற்றியே நிகழ்ந்துள்ளன. நில எடுப்பை ஆளும் சட்டங்களில் பயின்றுவரும் சொற்கள், உழவரின் உரிமையை எவ்வாறு வரையறுக்கின்றன, எங்கு மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1953ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டம், அதன்மீதான 1964ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 2023ஆம் ஆண்டு வளையமாதேவிப் பயிரழிப்பு வழக்கு ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, நில எடுப்பு, ஆர்ஜிதம், இழப்பீடு, சுவாதீனம், குடிவாரம், சட்டத் தமிழ், குடிமை உரிமை.

முன்னுரை

2023 சூலை 26 அன்று கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவியில், கதிர் பிடிக்கும் பருவத்தை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த நெல்வயல்களுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறக்கப்பட்டன. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பரவனாற்றை நிலையாகத் திருப்பிவிடும் கால்வாயை வெட்டுவது அதன் நோக்கம். நிலம் 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் எடுக்கப்பட்டுவிட்டது, தொகையும் வழங்கப்பட்டுவிட்டது, பயிரிட வேண்டா என 2022 திசம்பரிலேயே அறிவிக்கப்பட்டது என்பன நிறுவனத்தின் வாதங்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக எவரும் தடுக்காத நிலத்தில், வழக்கம்போலப் பயிர்செய்தோம் என்பது உழவரின் மறுமொழி. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடைபெற்ற முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. செய்தி நாடெங்கும் பரவியது.

இந்நிகழ்வில் இரு தரப்பாரும் ஒரே நிலத்தைப் பற்றியே பேசினர். ஆனால் ஒரே மொழியில் பேசவில்லை. நிறுவனம் ‘உரிமை’ என்றது, உழவர் ‘பயிர்’ என்றனர். முதற்சொல்லுக்குப் பதிவேடுகளில் இடமுண்டு. இரண்டாவது சொல்லுக்குச் சட்டத்தில் எங்கு இடம் என்னும் வினா எழுந்தபோது, அதற்கு விடை காண உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்று. தமிழாய்வுலகில் சட்டத் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரிதும் கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு ஆகிய எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றன. ஒரு சொல் செம்மையான தமிழா, எளிமையானதா என ஆராயப்படுகிறதேயன்றி, அச்சொல்லால் எவர் எதை இழக்கிறார் என ஆராயப்படுவதில்லை. நெய்வேலி அவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான களம்.

ஆர்ஜிதமும் எடுப்பும்

1894ஆம் ஆண்டு நிலச் சட்டம் தமிழ்நாட்டு வருவாய்த்துறை ஆவணங்களில் நெடுங்காலம் ‘நில ஆர்ஜிதச் சட்டம்’ என்றே வழங்கியது. ஆர்ஜிதம் என்னும் வடசொல்லுக்கு ஈட்டப்பட்டது என்பது பொருள். தமிழ்ப் பத்திரங்களில் ஒருவர் தம் உழைப்பால் தேடிய சொத்து ‘சுயார்ஜிதம்’ எனக் குறிக்கப்படுவது இன்றும் உண்டு. உழவர் ஒருவர் வியர்வை சிந்தித் தேடிய நிலமும் ஆர்ஜிதம், அதனை அரசு ஓர் அறிவிக்கையால் பெறுவதும் ஆர்ஜிதம் என்றானது மொழியின் விளையாட்டு மட்டுமன்று. கொள்வோரின் செயலை ஈட்டுதலாகக் காட்டும் சொல், இழப்போரின் இருப்பை அறவே மறைத்துவிடுகிறது.

பின்னர் வந்த ‘கையகப்படுத்துதல்’ சற்று நேர்மையானது. கை யாருடையது என்பதையேனும் அது நினைவூட்டுகிறது. தமிழ்நாடு அரசின் பயன்பாட்டில் நிலைபெற்ற ‘நில எடுப்பு’ என்னும் தொடரே இம்மூன்றிலும் மிகத் தெளிவானது. ‘நில எடுப்புத் தனி வட்டாட்சியர்’ எனும் பதவிப்பெயரில் மறைப்பு ஏதுமில்லை. எடுப்பதற்கென்றே ஓர் அலுவலர். தூய தமிழாக்க முயற்சி, தான் நினையாமலேயே, வடசொல் மூடியிருந்த உண்மையைத் திறந்துவிட்டது எனலாம்.

இச்சொற்கள் எவையும் அந்நிலத்தில் வாழ்ந்தோரின் சொற்களல்ல என்பதும் கருதத்தக்கது. விருத்தாசலம் சுற்றுப்புறத்தைச் சார்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி, இவ்வட்டார மக்களின் வழக்குச் சொற்களைத் திரட்டித் தருகிறது. அரசிதழ் அறிவிக்கைகளில் இவ்வளமான வழக்கின் தடமே இல்லை. புல எண், உட்பிரிவு, பரப்பு, நன்செய், புன்செய், பட்டாதாரர் பெயர் ஆகியவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. நிர்வாகத்திற்கு அவ்வளவே தேவை என்பது உண்மைதான். ஆனால் பிற்காலத்தில் எவர்க்கு உரிமை உண்டு, எவர்க்கு இல்லை எனத் தீர்மானிக்கப்படுவதும் அவ்வளவைக் கொண்டே என்பதால் இச்சுருக்கம் கேடு பயக்கிறது.

1947ஆம் ஆண்டின் விலை

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் வரலாறு தொடங்குவதாகக் கூறுவர். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டதும், 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும் பலரும் அறிந்தவை. இவ்விரு நாள்களுக்கும் முன்னரே நெய்வேலிக்கெனத் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலச் சட்டமன்றம், பழுப்பு நிலக்கரிக்காக நிலம் எடுக்கும் பொருட்டு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி, எடுக்கப்படும் நிலத்திற்கு 1947 ஏப்ரல் 28 அன்று இருந்த சந்தை மதிப்பு, அல்லது அறிவிக்கை வெளியான நாளின் மதிப்பு, இவற்றுள் எது குறைவோ அதுவே வழங்கப்படும். அந்நாளுக்குப் பின் நிலத்தில் செய்யப்பட்ட, வேளாண்மை சாராத மேம்பாடுகளும் கணக்கில் கொள்ளப்படா. நிலம் 1950களில் எடுக்கப்பட்டாலும் விலை மட்டும் 1947இல் உறைந்து நிற்கும். இடைப்பட்ட காலத்தில் ஏறிய மதிப்பு நிலத்துக்குரியவரைச் சேராது என்பதே இதன் உட்பொருள்.

இச்சட்டம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. மாநில அரசின் மேல்முறையீட்டை 1964இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சென்னை மாநிலம் எதிர் நமசிவாய முதலியார் எனச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற வழக்கு அது. மேற்கு வங்க அரசின் இதுபோன்றதொரு விதியை 1953இல் பேலா பானர்ஜி வழக்கில் செல்லாததாக்கிய நெறியின் வழியிலேயே இத்தீர்ப்பும் அமைந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 31ஆம் உறுப்பு அன்று அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இருந்தது. அதில் ‘இழப்பீடு’ என்ற சொல் இருந்தது. இழந்ததற்கு நிகரானது கொடுக்கப்பட்டாலன்றி அஃது இழப்பீடு ஆகாது என்று நீதிமன்றம் கொண்டது. அறிவிக்கைக்குத் தொடர்பற்ற பழைய நாளொன்றின் விலையை நிலையாக வைப்பது அந்நிகரைத் தராது என்பதே தீர்ப்பின் சாரம்.

நெய்வேலியின் முதல் நில எடுப்புச் சட்டமே அரசமைப்புக்கு மாறானது என அறிவிக்கப்பட்டதென்பது ஒரு வரலாற்றுச் செய்தி. இக்கட்டுரைக்கு அதைவிட முதன்மையானது, அவ்வழக்கில் உழவர் தரப்பு வென்றது ஒரு சொல்லின் வலிமையால் என்பதே. ‘இழப்பீடு’ என்ற சொல் அரசமைப்பில் இல்லாதிருந்தால் அத்தீர்ப்புக்கு நிற்க இடம் இருந்திராது.

இழப்பீடு, தொகை, கருணை

அச்சொல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் 25ஆம் திருத்தம், 31ஆம் உறுப்பின் இரண்டாம் கூறில் ‘இழப்பீடு’ என்றிருந்த இடத்தில் ‘தொகை’ என்னும் சொல்லை வைத்தது. வங்கிகள் நாட்டுடைமை வழக்கில் 1970இல் அரசு கண்ட பின்னடைவே இதற்குத் தூண்டுதல். இத்திருத்தத்தின் நோக்கத்தைக் குறைகூறுதல் எளிது. ஆனால் பெருநிலக்கிழாரும் முதலாளிகளும் ‘நிகரான இழப்பீடு’ என்ற கோட்பாட்டைக் கேடயமாகக் கொண்டு நிலச்சீர்திருத்தத்தைத் தடுத்த காலம் அது என்பதையும் மறுக்க இயலாது. தீங்கு வேறிடத்தில் நேர்ந்தது. பெருநிலக்கிழாருக்கு எதிராகக் கூர்தீட்டப்பட்ட சொல், பிற்காலத்தில் இரண்டு ஏக்கர் உழவர் மீதே பாய்ந்தது.

இழப்பீடு என்பது உறவுச்சொல். இழந்தவர் ஒருவர், இழந்த பொருள் ஒன்று, அதற்கு ஈடு ஒன்று என மூன்றையும் அது தன்னுள் கொண்டுள்ளது. தொகை என்பதோ தனிச்சொல். எதற்கான தொகை, எவ்வளவு என்னும் வினாக்களுக்கு அதனுள் விடையில்லை. கேசவானந்த பாரதி வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், தொகை என்பது வெறும் தோற்றமாக இருத்தல் ஆகாது என வரம்பு விதித்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் 31ஆம் உறுப்பையே நீக்கிச் சொத்துரிமையை 300அ உறுப்பில், அடிப்படை உரிமையாக அன்றி, அரசமைப்பு உரிமையாக மட்டும் வைத்தது.

நெய்வேலிப் பகுதியின் பிற்கால நில எடுப்புகளுக்குப் பயன்பட்ட 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் படிப்போர், அரசு நிலத்துக்குரியவர்க்கு வழங்குவதைக் குறிக்க அங்கு ‘தொகை’ என்னும் சொல்லே ஆளப்பட்டிருப்பதைக் காணலாம். 31ஆம் உறுப்பே மறைந்து இருபது ஆண்டுகள் ஆகவிருந்த நிலையிலும் அதன் திருத்தத்தில் பிறந்த சொல் மாநிலச் சட்டத்தில் உயிரோடிருந்தது. இதற்கு மாறாக 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தன் பெயரிலேயே ‘நியாயமான இழப்பீட்டுக்கான உரிமை’ என்ற தொடரைக் கொண்டுள்ளது. இரண்டு சட்டங்களும் இரு வேறு மொழிகளைப் பேசுகின்றன.

மூன்றாவது சொல்லொன்றும் நெய்வேலிப் பேச்சுவார்த்தைகளில் வழங்குகிறது. பழைய விலையில் நிலம் கொடுத்தவர்க்கும் புதிய விலையில் கொடுப்பவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஈடுசெய்யக் கோரிய போராட்டங்களின் விளைவாக அறிவிக்கப்பட்ட கூடுதல் பணத்திற்குக் ‘கருணைத் தொகை’ என்று பெயர். இது நிர்வாகத்தில் இயல்பாக வழங்கும் பெயர்தான், தீய உள்நோக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் அதன் சட்டப் பொருள் கடுமையானது. கருணையால் தரப்படுவதை உரிமையாகக் கேட்க இயலாது. குறைத்தால் வழக்கிட இயலாது. காலந்தாழ்த்தினால் வட்டி கோர இயலாது. இழப்பீட்டில் தொடங்கித் தொகையாகச் சுருங்கிக் கருணையில் வந்து நின்ற இவ்வழியை, குடிமை உரிமை படிப்படியாகக் கொடையாக மாறிய வழி என்றே கொள்ளவேண்டும்.

கருணை என்னும் சொல் இந்நிலப்பரப்பில் எளிய சொல்லன்று. நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அதற்கும் சபைக்கும் பார்வதிபுரத்து மக்கள் தம் நிலத்தை விரும்பி வழங்கினர். அங்கு கருணை என்பது மேலிருந்து கீழே இடும் பிச்சையன்று, உயிர்க்கு உயிர் கொண்டுள்ள உரிமை. சீவகாருண்யத்தை அறத்தின் உச்சியில் வைத்த ஊருக்குச் சில கல் தொலைவில், அதே சொல் ‘கேட்க உரிமையற்ற பணம்’ எனும் பொருளைத் தாங்கி நிற்கிறது.

உரிமை சேரும் நாளும் நிலம் சேரும் நாளும்

1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தீர்வம் வழங்கப்பட்டபின் மாவட்ட ஆட்சியர் நிலத்தைச் சுவாதீனம் எடுக்கும்போதுதான் நிலம் அரசைச் சேரும். அவசரக் கூறு தவிர்த்த பொது நடைமுறை இது. 1997ஆம் ஆண்டுச் சட்டமோ வேறொரு முறையை வகுத்தது. அரசிதழில் அறிவிக்கை வெளியான நாளிலேயே நிலம் எவ்வகை வில்லங்கமுமின்றி அரசின் உடைமையாகிவிடும். சுவாதீனம் அதன் பின்னர் எடுக்கப்படும். முந்தைய சட்டத்தில் சுவாதீனம் காரணம், உரிமை விளைவு. பிந்தைய சட்டத்தில் உரிமை முன்னே செல்கிறது, சுவாதீனம் எப்போதோ பின்தொடர்கிறது.

தமிழ்ப் பத்திர வழக்கில் உரிமைக்கு ஈடான இடம் ‘அனுபவம்’ என்ற சொல்லுக்கு உண்டு. ஆண்டு அனுபவித்தல் என்பது உடைமையின் சான்று. அனுபவ பாத்தியம் என்பது தனியாகவே ஓர் உரிமை. 1997ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையையும் அனுபவத்தையும் பிரித்து வைத்தபோது, இடையில் பெயரற்ற ஒரு காலவெளி தோன்றியது. அக்காலவெளியில் நிலம் காகிதத்தில் ஒருவருக்கும் ஏரில் மற்றொருவருக்கும் உரியதாக இருக்கிறது. வளையமாதேவியில் இவ்வெளி பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. அவ்வளவு காலமும் அங்கு நடவு நடந்தது, அறுவடை நடந்தது.

இவ்விடத்தில் இச்சட்டத்தின் வாழ்க்கை வரலாற்றையும் சுருக்கமாகக் குறிக்கவேண்டும். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திலிருந்து தப்பிக்க 105அ என்ற பிரிவைத் தமிழ்நாடு தன் திருத்தத்தால் சேர்த்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்கள், தொழில் நோக்கங்கள், நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்கான மூன்று மாநில நில எடுப்புச் சட்டங்களுக்கும் மத்தியச் சட்டம் பொருந்தாது, தொகை நிர்ணயமும் மறுவாழ்வும் குறித்த அட்டவணைகள் மட்டும் பொருந்தும் என்பது அதன் கருத்து. 2019 சூலை 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லாது என அறிவித்து, மூன்று சட்டங்களும் 2013 செப்டம்பரிலேயே செயலிழந்துவிட்டன என்றது. உடனே அதே ஆண்டில் சட்டமன்றம், 2013 செப்டம்பர் 26 முதல் அவை உயிரோடிருந்ததாகக் கொள்ளும் மீட்டெடுப்புச் சட்டத்தை இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2021 சூன் 29 அன்று, மோகன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. இறந்துவிட்டதாக நீதிமன்றம் கூறிய சட்டம், இறந்ததேயில்லை என்று சட்டமன்றம் கூறியதால் பிழைத்தது. சட்டநெறிப்படி இதில் பிழையில்லை என்பதே இறுதித் தீர்ப்பு. ஆயினும் அறிவிக்கையைக் கையில் பெற்ற குடிமகன், தன்னை ஆளும் சட்டம் எது என எந்நாளில் அறிந்திருக்க முடியும் என்ற வினாவுக்கு அத்தீர்ப்பில் விடை தேடுதல் வீண்.

இதன் நடைமுறை விளைவு பெரிது. எடுத்த நிலத்தை ஐந்தாண்டுகள் பயன்படுத்தாவிடின் அதனை உரியவர்க்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு கூறுகிறது. அது சட்டத்தின் உடற்பகுதியில் உள்ளது, அட்டவணையில் இல்லை. ஆகவே 105அ பிரிவின் வழியே மாநிலச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட நிலங்கள் அதன் நிழலுக்கு வெளியே நிற்கின்றன. சமூகத் தாக்க மதிப்பீடும், பலபோகப் பாசன நிலத்தை வேறு வழியில்லாதபோது மட்டுமே எடுக்கவேண்டும் என்ற 10ஆம் பிரிவும் அவ்வாறே. அட்டவணைகளைக் கொடுத்து உடற்பகுதியை மறுத்ததன் மூலம், பணத்தைக் கொடுத்து வினவும் உரிமையை மறுத்தது மாநிலத் திருத்தம்.

2024 மே 16 அன்று, கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல் குமார் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 300அ உறுப்பினுள் ஏழு துணை உரிமைகள் அடங்கியுள்ளன என்றது. அறிவிப்பு பெறுதல், கேட்கப்படுதல், காரணம் கூறப்பட்ட முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவற்றோடு, நடைமுறையைக் காலத்தே திறம்பட நடத்துதலும், சுவாதீனம் எடுத்து அதனை நிறைவுக்குக் கொண்டுவருதலும் குடிமகனுக்குரிய உரிமைகளே என அத்தீர்ப்பு வகுத்தது. வளையமாதேவிக்குப் பத்து மாதம் கழித்து வந்த தீர்ப்பு அது. பெயரற்றிருந்த அந்தக் காலவெளிக்கு முதன்முறையாக ஒரு சட்டப்பெயர் கிடைத்திருக்கிறது. ‘இழப்பீடு’ என்ற சொல்லும் 300அ உறுப்பினுள் தீர்ப்பின் வழியே திரும்பி வந்திருக்கிறது.

நின்ற பயிர்

நிலம் எவருடையதென்பதில் 2023ஆம் ஆண்டு வழக்கில் பெரிய ஐயம் இருக்கவில்லை. நிலத்தின்மேல் நின்ற பயிர் எவருடையது என்பதே வினா. இதனைப் புதிய வினா எனக் கருதுவோர், காலனியச் சட்டம் என இகழப்படும 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்தல் நலம். ஆட்சியர் சுவாதீனம் எடுக்கும் நேரத்தில் நிலத்தில் நிற்கும் பயிரையும் மரத்தையும் எடுத்துக்கொள்வதால் ஏற்படும் இழப்பு, இழப்பீட்டில் தனியே கணக்கிடப்பட வேண்டும் என அது விதித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் அதனையே வழிமொழிகிறது. கணக்கிடும் நேரம் அறிவிக்கையின் நேரமன்று, சுவாதீனத்தின் நேரம் என்பது கவனிக்கத்தக்கது. பயிரின் வாழ்நாள் குறுகியது. பத்தாண்டுக்கு முன் வழங்கிய தொகைக்குள் இவ்வாண்டின் நெல் அடங்கியிருக்க இயலாது.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலும் இத்தகைய நெறியொன்று உண்டு. காலவரையறையற்ற குத்தகை, குத்தகைதாரரின் தவறின்றி முடிவுற்றால், அவர் விதைத்த பயிரை அறுத்து எடுத்துச்செல்ல உரிமையுடையவர். வேளாண் குத்தகைகளுக்கு அப்பிரிவு தானாகப் பொருந்துவதில்லை (117ஆம் பிரிவு), வளையமாதேவி உழவர் குத்தகைதாரருமல்லர். எனவே அதனை நேரடி விதியாகக் காட்டுதல் கூடாது. விதைத்தவர் அறுக்க வேண்டும் என்னும் எண்ணம், உணர்ச்சிவயப்பட்ட முழக்கமன்று, உடைமைச் சட்டத்திற்குள்ளேயே வேர்கொண்டது என்பதற்கு மட்டும் அது சான்றாகும்.

தமிழகத்தின் நிலவுரிமை மரபு இதனை இன்னும் தெளிவாக அறிந்திருந்தது. மேல்வாரம், குடிவாரம் என்ற பிரிப்பு, நிலத்தின் விளைவில் ஆட்சிக்கு உரியது ஒன்று, உழுகுடிக்கு உரியது ஒன்று என இரண்டு உரிமைகளை ஒரே நிலத்தில் ஒருங்கே வைத்தது. 1908ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளின் நிலைத்த சாகுபடி உரிமையை ஏற்றபோது இம்மரபே அதன் பின்னணியில் இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உடையவர் வேறு, உழுபவர் வேறு என்பதை ஒப்புக்கொண்டவையே. அரசு அலுவலகத்திலும் இவ்விரட்டைப் பார்வை உண்டு. பட்டாவும் சிட்டாவும் உரிமையைக் கூறும், அடங்கல் பயிரைக் கூறும். ஒவ்வொரு பசலியிலும் எப்புலத்தில் என்ன பயிர் நிற்கிறது எனக் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு அது. வளையமாதேவியில் இயந்திரங்கள் இறங்கிய நாளில் பசலி 1433 பிறந்து நான்கு வாரங்களே ஆகியிருந்தன. ஒரு கையால் பயிரைப் பதியும் அரசு, மறு கையால் பட்டாவை மட்டும் நோக்கியது.

மேல்வாரம், குடிவாரம் எனும் பிரிப்பைப் பொற்காலமாகக் காட்டுதல் தவறு. குடிவார உரிமையும் சாதியடுக்கின் நடுப்படிகளோடு நின்றது. வயலில் இறங்கியோர் பலர் அதற்கு வெளியே இருந்தனர். எனினும் ‘உடைமை இல்லாதபோதும் உரிமை உண்டு’ என்று சொல்வதற்கு அம்மரபு ஒரு சொல்லைத் தந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியில் அதற்கு நிகரான சொல் இல்லை.

உயர்நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த நீதியரசர் எம். தண்டபாணி, நெற்பயிர் அழிக்கப்பட்ட காட்சி தம்மைக் கண்கலங்கச் செய்ததாகக் கூறியதையும், பயிர் வாடக் கண்டு வாடிய வள்ளலாரை நினைவுகூர்ந்ததையும், அறுவடை முடியும்வரை பொறுத்திருக்க இயலாதா என வினவியதையும் நாளிதழ்கள் வெளியிட்டன. பின்னர் அழிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. எஞ்சிய பயிரை அறுத்துக்கொள்ளச் செப்டம்பர் 15 வரை காலம் தரப்பட்டது. அதன்பின் அந்நிலத்தில் பயிரிடக் கூடாதெனவும் கூறப்பட்டது.

இவ்வாணையை இரு திசையிலிருந்தும் குறைகூறியோர் உண்டு. நிறுவனத்தின் முன்னறிவிப்பை மதியாதவர்க்கு இழப்பீடு ஏன் என்பது ஒன்று. நிலத்தின் மீதான உரிமையைத் தொடாமல் பயிருக்கு மட்டும் விலை வைத்தது ஏன் என்பது மற்றொன்று. முதற்குறையில் ஓரளவு வலிமையுண்டு. 2022 திசம்பரில் அறிவிப்பு தரப்பட்டது என்பது உண்மையாயின், 2023இல் விதைத்தவர் அறியாமல் விதைத்தவரல்லர். ஆனால் பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு போகத்தையும் வாளாவிருந்து பார்த்த உரிமையாளர், ஒரு தாள் அறிவிப்பால் அந்நீண்ட இசைவைத் துடைத்துவிட இயலுமா என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். விதைக்கும் முன் தடுப்பது சட்டத்தைச் செயல்படுத்துதல். வளரவிட்டு அழிப்பது அவ்வகையில் சேராது. இரண்டாவது குறை நீதிமன்றத்தின் எல்லையை மறந்தது. நீதியரசர் உடைமைச் சட்டத்தை மாற்றியெழுதவில்லை, எழுதவும் இயலாது. அவர் செய்தது வேறு. உடைமையின் மொழிக்குள் இடமற்றிருந்த பயிரைத் தனிப்பொருளாகப் பிரித்தெடுத்து அதற்கு இழப்பீடு என்ற சொல்லை மீண்டும் வழங்கினார். கருணைத் தொகை எனக் கூறாமல் இழப்பீடு எனக் கூறியது, 1964இன் தீர்ப்போடு இவ்வாணையை இணைக்கிறது.

அட்டவணைக்குள்ளும் வெளியும்

மேற்கண்டவை யாவும் நிலம் உடையவரைப் பற்றியன. வளையமாதேவியின் நடவிலும் களையெடுப்பிலும் கூலிக்கு இறங்கியவர்க்கு ஏக்கர்க் கணக்கில் இழப்பீடு இல்லை. அவர்களுக்கு ஏக்கர் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறையில், எடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகள் அப்பகுதியைத் தம் முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட வேளாண் தொழிலாளரையும் வாரக்குடிகளையும் கைவினைஞரையும் சேர்த்தது. தமிழ்ச் சூழலில் இஃது ஒரு பெரும் மாற்றம். நிலம் எடுக்கப்படுவதால் நிலமற்றவரும் இழக்கிறார் என இந்தியச் சட்டம் தெளிவாகக் கூறிய இடம் அது. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வேலைவாய்ப்பு, அல்லது ஒருமுறை ஐந்து இலட்சம் ரூபாய், அல்லது இருபதாண்டுகளுக்கு மாதந்தோறும் குறைந்தது இரண்டாயிரம் ரூபாய் என்ற தெரிவும் உள்ளது. ஆனால் அவ்வரையறை வருமுன்னரே எடுக்கப்பட்ட நிலங்களில், கூலி உழைப்பாளரின் இழப்பு எப்பதிவேட்டிலும் ஏறவில்லை. அடங்கலில் பயிரின் பெயருண்டு. நட்டவளின் பெயருக்கு நெடுவரிசை கிடையாது.

நெய்வேலி நகரியத்திலும் இதனையொத்த பெயரின்மை ஒன்று உண்டு. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, நிழல்மரச் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்டு, தமிழகத்தின் செம்மையான குடியிருப்புகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. அதனை நிருவகிப்பது நிறுவனத்தின் நகர நிர்வாகம். தொழில் நிறுவனமே குடிமைப் பணிகளைச் செய்யும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் தொழில் நகரியமாக அறிவிக்கலாம் என அரசமைப்பின் 243Q உறுப்பின் காப்புரை இடங்கொடுக்கிறது. சாலையும் விளக்கும் குறைவின்றிக் கிடைக்கின்றன. அவற்றை வழங்குவோரை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் அங்கு வாழ்வோர் கையில் இல்லை. வில்லுடையான்பட்டு என்ற பழைய ஊர்ப்பெயர் இன்று நகரியத்து முருகன் கோயிலின் பெயராக வழங்குகிறது. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடிகள் வருகின்றன.